டாக்டர் சொல்லச் சொன்னது

"முகம் பாக்க ரெண்டு பேருக்குத்தான் அனுமதி தங்கச்சி. நீங்க ஒண்ணு. இன்னொருத்தர் யாரு?"

பிணவறைக்காரர் கேட்டபோது அவள் ஒரு கையுறையின் மேல் இன்னொன்றை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். ரப்பர் கட்டைவிரலில் சுருண்டுகொண்டு மேலே ஏற மறுத்தது. அந்தச் சாக்கில் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் விரலோடு மல்லுக்கட்டினாள்.

கதவில் பதித்திருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியாக வண்டிகள் நிறுத்தும் இடம் தெரிந்தது. அண்ணன் தன் காரில் சாய்ந்து வெயிலில் நின்றிருந்தான். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அப்பாவின் பல்செட். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் குளியலறை அலமாரியிலேயே விட்டுவிட்டார்களாம். காலையில் அதை அவளிடம் நீட்டி, "எப்படியாவது போட்டுவிடச் சொல்லு பாப்பா. பல்லு இல்லாம அப்பா வாசலுக்குக்கூடப் போகமாட்டாரு" என்றான். "விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை.

"யாரும் இல்லண்ணே. நான் மட்டுந்தான்."

"வெளியில நிக்கிறது உங்க அண்ணன்தானே? காலையிலேருந்து ரெண்டு மூணு தடவ வந்து கதவத் தட்டிட்டாரு."

"அவருக்கு மனசு தாங்காது. வேண்டாம்."

வார்த்தை எவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இதே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில், பதிவுக் கவுன்ட்டரில் பல வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள். கவுன்ட்டர் தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

குளிர் அறைக்குள் இயந்திரம் லொடலொடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பா வாழ்நாள் முழுக்க ஃபிரிட்ஜ் மெக்கானிக். எந்த வீட்டுக்குப் போனாலும் வந்த காரியத்தை விட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் காதைக் கொடுப்பார். 'கம்ப்ரசர் இழுக்குது, இன்னும் ஒரு வருஷம் தாங்கும்' என்று கேட்காமலேயே ஆயுள் சொல்லிவிட்டு வருவார். அவரை இப்படி ஒரு இயந்திரத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்று தோன்றியது. நட்டு எதுவோ கழன்றிருக்கிறது. இரவெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பார்.

பிணவறைக்காரர் தட்டை இழுத்தார். பையின் ஜிப்பைக் கழுத்துவரைக்கும் மட்டும் இறக்கினார்.

பல் இல்லாத வாய் உள்ளே மடிந்து, யாரையோ கேலி செய்யப் போகிறவர் மாதிரி இருந்தது முகம். மூக்கின் மேல் ஆக்சிஜன் முகமூடி அழுத்திய தடம். கன்னத்தில் நரைத்த முள்முடி. அவள் வீட்டில் இருந்தவரை அதை வளரவிட்டதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்காலியில் உட்காரவைத்துச் சவரம் செய்துவிடுவாள். கத்தி தாடைக்குக் கீழே போகும்போதெல்லாம், "இன்ஸ்பெக்டரே, கொல்றதுன்னா சொல்லிட்டுக் கொல்லுங்க" என்பார். மாத்திரைகளை எண்ணி உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை நகராமல் நிற்பாள் என்பதால் அவள் இன்ஸ்பெக்டர்.

அவள் கையுறைக் கையால் அந்தத் தடத்தைத் தடவினாள். ரப்பருக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

"ரொம்ப நேரம் தொறந்து வெக்கக்கூடாது தங்கச்சி" என்றார் பிணவறைக்காரர், மெதுவாக.

சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. இதே வார்த்தையை அப்பா வாயிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன சமைப்பது என்று யோசிப்பவர்களை அவரால் மன்னிக்க முடியாது. யோசிச்சுட்டுத் தொறங்க, தொறந்துட்டு யோசிக்காதீங்க. அவள் முகமூடிக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜிப் ஏறியது.

இதை அண்ணனிடம் சொன்னால் அவனும் சிரிப்பான். இரண்டு பேருக்கு மட்டுமே புரிகிற சிரிப்பு. அதையும் அவனுக்குக் கொடுக்கப்போவதில்லை என்று நினைத்தபோது ஒரு திருப்தி வந்தது. வெயிலில் வந்தவன் குளிர்ந்த தண்ணீரைக் குடித்தால் நெஞ்சுக்குள் எங்கெங்கே இறங்குகிறது என்று தெரியுமே, அப்படி ஒரு திருப்தி.

அவள் கோபத்தைக் கத்தித் தீர்க்கிறவள் இல்லை. ஊறப்போடுகிறவள். அண்ணிக்கு இது தெரியும். 'உன் தங்கச்சி சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல, சும்மா இருந்தாத்தான் எனக்குப் பயம்' என்று ஒருமுறை அண்ணனிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்த நாளிலிருந்து அப்பாவோடுதான் இருந்தாள். அவருடைய சர்க்கரை அவளுக்குத் தெரியும். மெதுவாகக் கெட்டுக்கொண்டிருந்த சிறுநீரகம் தெரியும். மாடி ஏறினால் எந்தப் படியில் நின்று, வேடிக்கை பார்க்கிற மாதிரி நடித்து மூச்சு வாங்குவார் என்பதும் தெரியும். தொற்று பரவ ஆரம்பித்ததும் அண்ணன் வந்து நின்றான். குளியலறை ஓடுகள் விற்கிற கடை அவனுடையது. கடையில் பேசுகிற குரலிலேயேதான் வீட்டிலும் பேசுவான்.

"நீ அங்க கவுன்ட்டர்ல நோயாளிங்க மூஞ்சிக்கு நேரா உக்காந்துட்டு நேரா வீட்டுக்கு வர்றே. அப்பாவுக்கு ஒட்டவெச்சுட்டா யாரு பதில் சொல்றது? என் வீட்டுல இருக்கட்டும்."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளைக் குடைந்தது. அப்பாவின் மாத்திரை டப்பாக்களைப் பையில் போட்டு, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அண்ணிக்குப் பாடம் எடுத்து அனுப்பிவைத்தாள். ஊழியர்களுக்கென்று ஆஸ்பத்திரி ஒதுக்கிய விடுதியில் ஒரு கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்பாவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்துகூடப் பார்க்கவில்லை, எங்கே தன் மூச்சு போய் ஒட்டிவிடுமோ என்று.

அப்புறம் அண்ணனுடைய கல்யாண நாள் வந்தது. ஏசிக்காக ஜன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு, கடை நண்பர்கள், அவர்கள் மனைவிகள், குழந்தைகள் என்று ஒரு கூடம் நிறைய ஆட்கள். போனில் படம் வந்தது. நடுவில் அப்பா, கையில் கேக் தட்டு. முழுப் பல்லும் தெரியச் சிரிப்பு. யார் முகத்திலும் துணி இல்லை. அவள் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அப்பாவின் தோளில் யாருடைய கை இருக்கிறது என்று பார்த்தாள்.

அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. அப்பாவுக்கு இருமல் வந்தது. அண்ணனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அண்ணி இப்போதும் எழுந்து நடமாட முடியாமல் கட்டிலில்தான் கிடக்கிறாள். "அப்பா நல்லாத்தான் இருக்காரு, ரொட்டி சாப்பிட்டாரு, ஜோக் அடிக்கிறாரு" என்று அண்ணன் தினம் போனில் சொன்னான். அது உண்மையாகக்கூட இருக்கலாம். உதடு நீலமாகும்வரை ஜோக் அடிக்கக்கூடிய மனிதர்தான் அவர். உதடு நீலமானபோது காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தான். அவளுக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் வேலை. போன் செய்து அவளை எழுப்பவில்லை.

அவள் வேலைக்கு வந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் விஷயத்தைச் சொன்னாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அன்றைக்கு ரேடியோ குரலைத் தணித்துத்தான் பேசியது.

"அக்கா, உங்கப்பா உள்ள இருக்காரு. காலையிலயே கொண்டாந்தாங்க. நான்தான் கேட்டேன். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, கிட்னி, ஹார்ட்டு, எல்லாம். உங்கண்ணன், 'இல்ல, இல்ல, ஒண்ணுமே இல்ல, அப்பா இரும்பு மாதிரி'ன்னாரு. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குப் போன் பண்ணி நீங்க இன்சுலின் ஊசி பத்திப் பேசுவீங்களே, அதான் மறுபடி கேட்டேன். என்கிட்ட எரிஞ்சு விழுந்தாரு."

அவள் ஓடிப்போய் உள்ளே இருந்த நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சர்க்கரை இத்தனை வருஷம், சிறுநீரகம் இந்த நிலை, இந்த மருந்து ஒத்துக்காது. நர்ஸ் "சரி, சரி" என்று தலையாட்டிக்கொண்டே வேறொரு கட்டிலுக்கு ஓடினாள். அன்றிலிருந்து அப்பா போகும்வரை அவளுக்குள் ஒரே நினைப்புத்தான். அந்தக் காலைப் பொழுது முழுக்க, ஒரு இரும்பு மனிதருக்குக் கொடுக்கிற மருந்தை அவள் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கேள்விகளை அவள் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூச்சுத் திணறலோடு ஒருவர், அவரைத் தாங்கிக்கொண்டு ஒருவர். தன் கேள்விகளுக்குக் கிடைக்கிற பதிலில்தான் உள்ளே ஒரு உயிர் தொங்குகிறது என்று நம்பித்தான் இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலிக்கு முன்னால், அவள் இல்லாத நேரத்தில், அவளுக்கு மட்டுமே தெரிந்த பதிலை அவன் 'இல்லை' என்று சொல்லியிருக்கிறான்.

கொன்றவன். மனதுக்குள் அவனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டாள். நேரில் 'அண்ணா' என்றே கூப்பிட்டாள்.

*

பிணவறையின் பின்பக்கப் படிகளில் நெட்டை டாக்டர் காகிதக் கோப்பையோடு நின்றிருந்தார். முகமூடி தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. அவசரப் பிரிவில் அப்பாவை முதலில் பார்த்தவர் அவர்தான். அவளைவிட வயதில் மிகவும் சின்னவர்.

"அக்கா" என்றார். பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் கோப்பையைப் பார்த்தார். "காப்பி வேணுமா?"

"வேண்டாம் டாக்டர்."

"நேத்து உங்கண்ணன் என் கையப் புடிச்சுக்கிட்டாரு. 'நான் சுகர மறைச்சதாலதான் அப்பா செத்தாரா'ன்னு கேட்டாரு. பதில் சொல்றதுக்குள்ள உள்ளேருந்து கூப்பிட்டுட்டாங்க. ஓட வேண்டியதாப் போச்சு. அவரு நின்னது இன்னும் கண்ணுல நிக்குது."

அவள் கையுறையின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அதனால ஒண்ணும் மாறலக்கா. இங்க யாரு வாய்ச் சொல்லையும் நம்பி மருந்து குடுக்கிறதில்ல. உங்கப்பா உள்ள வந்ததுமே விரல்ல குத்திப் பாத்தோம். சுகர் எகிறிக் கிடந்துச்சு. ரத்தம் போச்சு, கிட்னி விவரம் வந்துருச்சு. நீங்க வந்து சொல்றதுக்கு முன்னாடியே எல்லாம் தெரியும். அதுக்கேத்த மாதிரிதான் குடுத்தோம்."

"அப்ப எதனால?"

டாக்டர் சுவரில் சாய்ந்தார். "வயசு. சுகர். கிட்னி. இதெல்லாம் அவரு கூடவே கொண்டுவந்தது. நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் அது அவருக்குள்ளதான இருக்கு. வரும்போதே மூச்சு அவ்வளவு வேகம், ஆக்சிஜன் அவ்வளவு கீழ. அப்படி வர்றவங்கள்ல..." நிறுத்திக்கொண்டார். "முந்தின நாள் நடந்துட்டு இருந்தவங்க மறுநாள் இப்படி வர்றாங்க. இன்னும் சீக்கிரம் கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பாரான்னு கேட்டா அதையும் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. சீக்கிரம் வந்தவங்களும் போயிருக்காங்க."

"ம்."

"அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. பாவம், அத நெனச்சே அவரு ஒடஞ்சுபோயிடுவாரு."

"சொல்றேன்" என்றாள்.

டாக்டர் மீதிக் காப்பியைச் செடியில் ஊற்றிவிட்டு, முகமூடியை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். அவள் படியிலேயே நின்றாள். டாக்டர் சொன்னது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரமாயிற்று. முதலில் வந்தது ஆறுதல் இல்லை, ஒரு ஏமாற்றம். யாரோ அவள் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி. தன் கேள்விகள் எதற்கும் உதவவில்லை என்பது ஒன்று. எத்தனை பேரை அந்த வாசலில் நிறுத்திவைத்து, மூச்சு வாங்கவாங்கப் பதில் சொல்லவைத்திருக்கிறாள். ஆனால் அதைவிட, அவன் கொல்லவில்லையாம் என்பதுதான் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

பிறகு மெல்ல மெல்ல இன்னொன்று புரிந்தது. அவன் கொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. இந்த உலகத்தில் அதை அவனிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். நெட்டை டாக்டருக்கு இனி அடுத்த நோயாளி, அதற்கடுத்தவர். அவன் நினைவே வராது. அந்த ஒரு வாக்கியம் இப்போது அவளுடைய சொத்து. கொடுத்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். சின்ன வயதிலிருந்து எதை எடுத்தாலும் அவன்தான் முடிவு செய்வான். எந்தப் பள்ளிக்கூடம், எந்த மாப்பிள்ளை, அப்பா யார் வீட்டில். முதல்முறையாக ஒரு முடிவு அவள் கையில் வந்திருக்கிறது.

அவள் கையுறைகளைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கைகள் வெள்ளையாக ஊறிச் சுருங்கியிருந்தன.

*

உடலை ஏற்றிய வேன் முன்னால் போக, அண்ணனின் கார் பின்னால் போயிற்று. கண்ணாடிகள் நான்கும் இறக்கியிருந்தன. அவள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் பிடரியில் முடி வெட்டாமல் வளர்ந்து சட்டைக் காலருக்குள் போயிருந்தது. கழுத்து எப்போது இவ்வளவு மெலிந்தது என்று தெரியவில்லை.

"உன்ன மட்டும் விட்டாங்களா பாப்பா?"

"ஆமா."

"ரெண்டு பேர விடுவாங்கன்னு வெளியில ஒருத்தன் சொன்னான்."

"ஆளுக்கு ஆளு மாத்துறாங்க."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கடையில் ஒரு ஓடு விரிசல் விட்டு வந்தால் கம்பெனிக்காரனைப் போனிலேயே தோலை உரிக்கிறவன். வேறொரு நாளாக இருந்திருந்தால் பிணவறைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பான். அவன் சண்டை போடாதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எதிராளி கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அடிக்கிறவனுக்கு ருசி இருப்பதில்லை.

தகனக்கூடத்தில் இவர்களுக்கு முன்பே வேன்கள் வரிசையில் நின்றன. உடல் முழுக்க மூடிய கவச உடையில் இருந்தவர்கள் இவர்கள் முறை வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லி, ஒரு சிமென்ட் பெஞ்சைக் காட்டினார்கள். இருவரும் ஆளுக்கு ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"அப்பா முகம் எப்படி இருந்துச்சு?"

"அப்படியேதான் இருந்தாரு."

"வலிச்ச மாதிரியா?"

"இல்ல."

அவன் பிளாஸ்டிக் டப்பாவை மடியில் வைத்து மூடியைத் திறந்தான், மூடினான். டக், டக் என்று சத்தம்.

"அத உள்ள வையேன்."

"ம்." வைக்கவில்லை. "காருல வரும்போதுகூட என்கிட்ட, பல்லு விட்டுட்டேன், திரும்பிப் போலாம்டான்னாரு. நான் திட்டிட்டேன். இப்ப பல்லு முக்கியமான்னு கத்திட்டேன். நான் கடைசியா அவருகிட்டப் பேசினது அதான் பாப்பா. அதுக்கப்பறம் முகமூடி போட்டுட்டாங்க."

அவள் எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. வரிசையில் ஒரு வேன் உள்ளே போயிற்று. அதோடு வந்த குடும்பத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவளைப் பிடித்துக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் மற்றவர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"பாப்பா."

"சொல்லு."

"நான் அங்க உண்மையச் சொல்லியிருந்தா அப்பா இருந்திருப்பாரா?"

இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தாள். ஆனால் அது வரும்போது அவன் இப்படி, பரீட்சை முடிவு தெரியாத பையன் மாதிரி, டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டு கேட்பான் என்று எதிர்பார்க்கவில்லை. நேருக்கு நேர் பார்த்துக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பாள். அவன் நகங்களுக்குள் கறுப்பாக அழுக்கு இருந்தது. எப்போதும் வாசனை சோப்பு மணக்கிற கைகள். எத்தனை நாளாகக் குளிக்கவில்லையோ. ஒரு வீடு நிறைய ஆட்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தவன், பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இல்லாமல் இருக்கிறான்.

போதும் என்று தோன்றியது. முகத்தைக் காட்டாமல் விட்டதே போதும். இது பாரம், அவளுக்கே பாரம். டாக்டருடைய வார்த்தைகள் நாக்கில் வந்து வரிசையாக நின்றன. விரல்ல குத்தினப்பவே தெரிஞ்சுருச்சாம்ணா. அதனால ஒண்ணும் மாறலயாம்.

"அந்த நெட்ட டாக்டரப் பாத்தேன்" என்று ஆரம்பித்தாள்.

"நான் ஏன் இல்லைன்னு சொன்னேன் தெரியுமா உனக்கு?" அவன் அவளை முடிக்கவிடவில்லை. "நீ சொன்னதாலதான்."

"நானா?"

"அப்பாவக் கூட்டிட்டுப் போக வந்தேன்ல, அன்னிக்கு. சாப்பிடும்போது. கல்யாண நாளுக்கு நாலு பேரக் கூப்பிடலாம்னு இருக்கேன்னு சொன்னேன். அப்ப நீ சொன்னே. சுகரும் கிட்னியும் இருக்கிறவங்க வந்தா டாக்டருங்க தொட்டுக்கூடப் பாக்க மாட்டாங்க, ஓரமாப் படுக்கவெச்சுட்டு நல்லா இருக்கிறவங்களத்தான் கவனிப்பாங்க, நான் தினம் பாக்கிறேன்னு சொன்னே."

அவளுக்கு நினைவிருந்தது. சொன்ன வார்த்தை மட்டுமில்லை, சொன்ன விதமும். விருந்து வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் சிரித்தான். அவனைப் பயமுறுத்த வேண்டும் என்று, பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னாள். உள்ளே திரைக்குப் பின்னால் யாரை எப்படிக் கவனிக்கிறார்கள் என்பது கவுன்ட்டரில் இருக்கிற அவளுக்கு எப்படித் தெரியும். கொஞ்சம் மிளகாய் சேர்த்துச் சொன்னாள், உறைக்கட்டும் என்று. அவன் அப்போதும் சிரித்துவிட்டு, 'இவ ஒருத்தி, எப்பவும் கெட்டதையே பேசுவா' என்று அப்பாவிடம் சொன்னான். காதில் ஏறவில்லை என்றுதான் நினைத்தாள்.

"கவுன்ட்டர்ல அந்தப் பொண்ணு கேட்டப்ப உன் குரல்தான் காதுல கேட்டுச்சு. ஓரமாப் படுக்கவெச்சுடுவாங்கன்னு. உள்ள வேலை பாக்கிறவ, உனக்குத் தெரியாததா. இல்லைன்னு சொன்னாத்தான் அப்பாவத் தொடுவாங்கன்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினான். "பாரேன், வாழ்நாள்ல ஒரே ஒரு தடவ நீ சொன்னதக் கேட்டேன்."

அவன் குத்திக்காட்டவில்லை. குரலில் ஏதோ ஒரு பிரியம்கூட இருந்தது. அதனால்தான் அது நேராக உள்ளே போய்த் தைத்தது. காலையிலிருந்து அவள் தூக்கிப் பிடித்திருந்த கத்தியின் கைப்பிடியில் அவள் பெயரே எழுதியிருப்பதை அவன் எடுத்துக் காட்டிவிட்டான், அதுவும் வாஞ்சையோடு. அவளுக்குள் இரக்கம் இருந்த இடத்தில் ஏதோ பட்டென்று சாத்திக்கொண்டது.   எல்லாவற்றையும் அவன் செய்துவிட்டு, கடைசியில் அதையும் அவள் தலையில் கட்டிவிட்டு, அழுதுகொண்டும் உட்கார்ந்திருக்கிறான்.

"டாக்டரப் பாத்தேன்னியே" என்றான். "என்ன சொன்னாரு?"

முறை வந்துவிட்டதாக உள்ளிருந்து கையசைத்தார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாரு."

அவள் குரல் நடுங்கவில்லை. கவுன்ட்டரில் பேசுகிற குரல். அடுத்தவர் வரலாம் என்று சொல்கிற குரல்.

அண்ணன் தலையாட்டினான். ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை இன்னொருவர் உறுதிப்படுத்தினால் ஆட்டுகிற மாதிரி, மெதுவாக, இரண்டு மூன்று தடவை. டப்பாவைச் சட்டைப் பைக்குள் திணித்தான். அது முழுதாக உள்ளே போகவில்லை. எழுந்து நின்று, அவள் பக்கம் ஒரு அடி வைத்து, இடைவெளி விட வேண்டும் என்பது நினைவு வந்து நின்றான்.

"நீ மனசுல வெச்சுக்காதே பாப்பா" என்றான். "நீ பொதுவாத்தான் சொன்னே. சொன்னது நீயா இருந்தாலும், அங்க நின்னது நான்தானே. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். முகமூடிக்குள் அது யாருக்கும் தெரியவில்லை. அவன் அதற்குள் உள்ளே நடக்க ஆரம்பித்துவிட்டான். அவள் பின்னாலேயே போனாள்.

உள்ளே எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. இரும்புக் கதவு மேலே ஏறியது, இறங்கியது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இருவரில் யார் என்று கேட்டபோது அண்ணன் அவளைக் காட்டினான். "இவதான் அப்பாவப் பாத்துக்கிட்டவ" என்றான். உடல்மூடிய உடைக்காரர் பேனாவை ஏதோ மருந்து விட்டுத் துடைத்து அவளிடம் கொடுத்தார்.

அவள் வெளியே வந்தபோது அண்ணன் காரில் ஏறி உட்கார்ந்திருந்தான். வரிசையில் வேன்கள் இன்னும் கூடியிருந்தன. வழிவிடச் சொல்லிப் பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார். அண்ணன் எதையோ திருப்பினான், எதையோ அழுத்தினான். கார் கிளம்பவில்லை. முன்கண்ணாடியில் வைப்பர் ஓட ஆரம்பித்தது.

மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது. கண்ணாடி முழுக்கப் புழுதி. ரப்பர் அதன்மேல் கிறீச்சிட்டுக்கொண்டு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் வந்தது. புழுதி போகவில்லை. அரைவட்டமாக அப்பிக்கொண்டது. அதற்குப் பின்னால் அண்ணன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்து, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. கையை உள்ளே விட்டு வைப்பர் விசையை ஒரு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். அவள் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது.